வால் ஸ்ட்ரீட் முட்டை போட்டுச்சா? ஹெட்லைன் படிக்க அக்காவோட டிப்ஸ்

தலைப்பைக் கடைசியா படி. இங்கிலீஷ் பேப்பர் படிக்கப் பழகுற தங்கச்சி, தம்பி யார் வந்து கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான். தலைப்பை மேலோட்டமா ஒரு பார்வை பார்த்துட்டு கீழே இறங்கிடு. முதல் பத்தியை, பேப்பர் ஆபீஸ் டெஸ்க்ல 'இன்ட்ரோ'ன்னு சொல்லுவோம், அதை முழுசா படி. யாரு, என்ன, எங்கே எல்லாம் அதுலயே வந்துடும். அப்புறம் மேலே ஏறி தலைப்பைப் படி. அதுல இருக்கிற குறும்பு அப்பதான் கண்ணுல படும்.

காரணம் இருக்கு. செய்தி எழுதினவர் ஒருத்தர், தலைப்பு வெச்சவர் இன்னொருத்தர். நிருபர் செய்தியை அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ராத்திரி டெஸ்க்ல உட்கார்ந்திருக்கிற சப்-எடிட்டர்தான் தலைப்பு போடுவார். நானும் கொஞ்ச காலம் அந்த நாற்காலியில உட்கார்ந்தவதான். குறுகலான ஒரு காலம் அகலத்துல வர்ற செய்தின்னா வரிக்கு ரெண்டு, மூணு வார்த்தை பிடிக்கிறதே பெரிய பாடு. ஈய அச்சு இருந்தப்போ எழுத்தை எண்ணித்தான் தலைப்பு எழுதுவாங்க. ஐ, எல் மாதிரி ஒல்லி எழுத்துக்கு அரை, எம், டபிள்யூ மாதிரி குண்டு எழுத்துக்கு ஒன்றரைன்னு கணக்கு வெச்சிருந்தாங்க. கம்ப்யூட்டர் வந்தப்புறம் எண்ற வேலைதான் போச்சு, இடம் ஒண்ணும் கூடல. அதனால 'அரெஸ்டட்'டுக்குப் பதிலா 'ஹெல்ட்'. 'இன்வெஸ்டிகேஷன்' போய் 'ப்ரோப்'. 'அப்ரூவல்' போய் 'நாட்'. 'விசாரிச்சாங்க'ன்னு சொல்ல 'க்விஸ்'. திட்டினா, கண்டிச்சா 'ராப்'. ஹைகோர்ட் கார்ப்பரேஷனை 'ராப்' பண்ணுச்சுன்னு படிச்சுட்டு நீதிபதி பாட்டு பாடினார்னு நினைச்சுடாதே.

சின்ன வார்த்தைன்னாலே ஒண்ணுக்கு நாலு அர்த்தம் ஒட்டிக்கிட்டு இருக்கும். 'மீட்டிங் ஹெல்ட்'னா கூட்டம் நடந்தது. 'டூ ஹெல்ட்'னா ரெண்டு பேர் கைது. 'சாங்ஷன்' இன்னும் மோசம், நேர் எதிரா ரெண்டு அர்த்தம். அரசு நூறு கோடி சாங்ஷன் பண்ணுச்சுன்னா அனுமதி கொடுத்தது. அமெரிக்கா ஒரு நாட்டை சாங்ஷன் பண்ணுச்சுன்னா தடை போட்டது. அந்த வார்த்தைக்குப் பக்கத்துல பணம் இருக்கா, நாட்டோட பேர் இருக்கான்னு பாரு, போதும்.

இடியம் விஷயத்துக்கு வரேன். டிக்ஷனரியில இடியத்தோட அர்த்தத்தைத் தேடிப் பிடிச்சுட்டா வேலை முடிஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பாதிதான் முடிஞ்சது. கேட்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு இருக்கு: இந்தச் செய்திக்கு ஏன் இந்த இடியம்? இங்கிலீஷ்ல ஒரே கருத்தைச் சொல்ல பத்து இடியம் கிடக்கு. அந்தப் பத்துல சப்-எடிட்டர் ஒண்ணை எடுக்கிறார்னா, அதோட நேர்ப்பொருள் செய்தியில இருக்கிற ஏதோ ஒரு பொருளுக்குச் சொந்தக்காரனா இருக்கும்.

நான் இட்டுக்கட்டின உதாரணத்துலயே பாரு. திருப்பூர்ல பனியன் கம்பெனிகள் நெருக்கடியில இருக்குன்னு செய்தி. தலைப்புல 'ஹேங்ஸ் பை எ த்ரெட்'. எப்ப வேணா அறுந்து போகலாம்கிற நிலைமைன்னு இடியத்துக்கு அர்த்தம். செய்தியில நூல் இருக்கு, இடியத்துலயும் நூல் இருக்கு. பிடிச்சுட்டியா? ஆட்டோவுல மீட்டர் போடாம அதிகமா வாங்குறாங்கன்னு செய்தி வந்தா 'டேக்கன் ஃபார் எ ரைடு'. ஏமாந்தாங்கன்னும் அர்த்தம், சவாரி போனாங்கன்னும் அர்த்தம். இந்த இடியத்தோட பூர்வீகம் கொஞ்சம் பயங்கரம். 1920கள்ல அமெரிக்க ரவுடிக் கும்பல்கள் ஒருத்தனைக் கார்ல ஏத்திக் கூட்டிட்டுப் போய் தீர்த்துக்கட்டறதைத்தான் இப்படிச் சொன்னாங்க. இப்ப மீட்டருக்கு மேல ஐம்பது ரூபாயோட போயிடுது. வெங்காய விலை ஏறினா மட்டும் டெஸ்க் யோசிக்கவே யோசிக்காது. 'பிரிங்ஸ் டியர்ஸ்'னு போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. எத்தனை தடவைதான் அதே கண்ணீர்!

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்ச உதாரணம் 'ஷாட் இன் தி ஆர்ம்'. சாதாரண நாள்ல அதுக்கு, துவண்டு கிடந்த ஒண்ணுக்குத் தெம்பு கிடைச்சதுன்னு அர்த்தம். தொழில்துறைக்கு வரிச்சலுகை கிடைச்சா 'ஷாட் இன் தி ஆர்ம் ஃபார் இண்டஸ்ட்ரி'. அங்கே துப்பாக்கியும் கிடையாது, யாரோட கையும் கிடையாது. அந்த இடியம் பொறந்ததே ஊசி போடறதுலேருந்துதான். 2021 ஜனவரி 16ஆம் தேதி நம்ம நாட்டுல கொரோனா தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க இல்லையா? அந்த மாசங்கள்ல பேப்பரைத் திறந்தா இந்தச் சொற்றொடர்தான். தேய்ஞ்சு போன இடியத்துக்குப் பழைய அர்த்தம் திரும்பி வந்துடுச்சு. ஊசியும் தெம்பும் ஒரே தலைப்புல. முதல் நாள் அழகா இருந்தது. அப்புறம் சலிச்சுப் போச்சுங்கிறது வேற கதை.

ஒரே சொல்லுல ரெண்டு அர்த்தம் வைக்கிறது நமக்குப் புதுசு இல்ல. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டு பாடின காளமேகத்தைப் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். கி.வா.ஜ. பேச்சுக்குப் பேச்சு சிலேடை விடுவார்னு வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பே. தண்டியலங்காரம் சிலேடையை ரெண்டா வகுக்குது. சொல்லைப் பிரிக்காமலே ரெண்டு பொருள் தந்தா செம்மொழி, பிரிச்சாத்தான் வரும்னா பிரிமொழி. பேப்பர் இடியங்கள் பெரும்பாலும் செம்மொழி வகைதான். அதனால 'இங்கிலீஷ் வராது'ன்னு பயந்துக்காம, சிலேடை தேடற கண்ணோட போ. அந்தக் கண்ணு உனக்கு ஏற்கெனவே இருக்கு.

ஆனா ஒரு எச்சரிக்கை. செய்திக்கும் இடியத்தோட நேர்ப்பொருளுக்கும் சம்பந்தமே தெரியலன்னா, அது வெறும் இடியம்தான். அங்கே போய் ரெண்டாவது அர்த்தம் தோண்டாதே. வரிச்சலுகைச் செய்தியில துப்பாக்கியைத் தேடிக்கிட்டு இருந்தா காபி ஆறிடும்.

சில சமயம் சம்பந்தம் செய்தியில இருக்காது, பேப்பரோட வாசகர்கள்கிட்ட இருக்கும். 1929 அக்டோபர் 29, அமெரிக்கப் பங்குச் சந்தை சரிஞ்ச நாள். மறுநாள் 'வெரைட்டி' பத்திரிகையில வந்த தலைப்பு: 'வால் ஸ்ட்ரீட் லேஸ் அன் எக்'. வால் ஸ்ட்ரீட் முட்டை போட்டுச்சாம்! 'வெரைட்டி' நாடக, சினிமாக்காரங்களோட பத்திரிகை. மேடையில ஒரு நிகழ்ச்சி படுதோல்வி ஆனா, 'முட்டை போட்டுச்சு'ன்னு அந்த உலகத்துல சொல்லுவாங்க. நாட்டோட பொருளாதாரமே கவுந்ததை, ஊத்திக்கிட்ட நாடகம் மாதிரி அவங்க பாஷையில சொல்லிட்டாங்க. நாமளும் பரீட்சையில முட்டை வாங்குறோம்தான், ஆனா நம்ம முட்டை மதிப்பெண்ணோட நின்னுடும். இதுலேருந்து எடுத்துக்க வேண்டிய டிப்ஸ்: இந்தப் பேப்பரை யாரு படிக்கிறாங்கன்னு யோசி. வணிகப் பேப்பர்ல காளையும் கரடியும் வந்தா வனத்துறையைக் கூப்பிடாதே.

எந்தப் பக்கம்கிறதும் அதே அளவுக்கு முக்கியம். விளையாட்டுப் பக்கத்துல ஒரு அணி இன்னொரு அணியை நசுக்கும், கிழிக்கும், கசாப்பு போடும். பங்குச் சந்தைப் பக்கத்துல 'ப்ளட்பாத்' வரும், ரத்தம் ஒரு சொட்டு இருக்காது. முதல் பக்கத்துல 'ஹெட்ஸ் ரோல்'னு வந்தா அதிகாரிங்க பதவி போச்சுன்னு அர்த்தம், தலை எல்லாம் கழுத்துலயேதான் இருக்கு. தலைப்பை மட்டும் போட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்ல போடறவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்: இன்ட்ரோவைப் படிக்காம ஃபார்வர்டு பட்டனைத் தொடாதீங்க. கிரிக்கெட் பாஷையோ அரசியல் பக்கத்துலயே குடியேறிடுச்சு. 'ஆன் தி பேக் ஃபுட்'னா பின்வாங்கி நிக்கிறார், 'கூக்ளி'ன்னா எதிர்பாராத கேள்வி. அரசியல்வாதிக்கு இப்படிப் போட்டா சாதாரணம். கிரிக்கெட் சங்கத்துக்கே போட்டா சிலேடை.

சட்டசபை, பார்லிமென்ட் செய்திக்குத் தனியா ஒரு பட்டியல் வெச்சுக்கிறது நல்லது. 'மெம்பர்ஸ் ரஷ் டு தி வெல்'னு படிச்சுட்டு, எம்.பி.ங்க கிணத்துல குதிச்சுட்டாங்களோன்னு பதறின பிள்ளைங்க உண்டு. சபாநாயகர் இருக்கைக்கு முன்னாடி இருக்கிற காலி இடத்துக்குத்தான் 'வெல்'னு பேர். பெரிய எழுத்துல 'ஹவுஸ்'னா வீடு இல்ல, அவை. 'ஃப்ளோர் டெஸ்ட்'னா தரையோட தரத்தைப் பரிசோதிக்கல, பெரும்பான்மையை நிரூபிக்கிறாங்க. 'ஹார்ஸ் ட்ரேடிங்' உனக்கே தெரியும். குதிரை பேரம்னு தமிழ்ப் பேப்பர்ல படிச்சுப் படிச்சு நமக்குச் சொந்த வார்த்தை மாதிரியே ஆயிடுச்சு.

அந்தப் பட்டியல்ல 'டேபிள்' என்ற வார்த்தைக்கு மட்டும் சிவப்பு மையில கோடு போடு. நம்ம நாட்டுலயும் பிரிட்டன்லயும் ஒரு மசோதாவை 'டேபிள்' பண்ணினாங்கன்னா அவையில வெச்சாங்கன்னு அர்த்தம். அமெரிக்காவுலயோ, இப்போதைக்கு வேண்டாம்னு ஒத்தி வெச்சாங்கன்னு அர்த்தம்! இரண்டாம் உலகப் போர் சமயத்துல இதனால உண்மையாவே ஒரு சண்டை நடந்திருக்கு. சர்ச்சில் போர் பத்தின தன்னோட நூல்ல எழுதியிருக்கார். பிரிட்டிஷ் அதிகாரிங்க ஒரு அறிக்கையை அவசரமா விவாதிக்கணும்னு 'டேபிள்' பண்ணச் சொல்றாங்க. அமெரிக்கர்களோ, முக்கியமான விஷயத்தை எதுக்கு ஓரங்கட்டணும்னு எதிர்க்கிறாங்க. ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதான். ரொம்ப நேரம் காரசாரமா வாதாடினதுக்கு அப்புறம்தான் அது புரிஞ்சிருக்கு. 'மூட்' என்ற வார்த்தையும் இதே ஜாதிதான். நம்ம பேப்பர்ல அமைச்சர் புதுத் திட்டத்தை 'மூட்ஸ்'னா முன்வைக்கிறார். அமெரிக்கப் பேப்பர்ல ஒரு விஷயம் 'மூட்'னா, அதைப் பேசி இனி பிரயோஜனம் இல்ல. பேப்பர் எந்த ஊர்ல அச்சாகுதுன்னு பார்த்துட்டுப் படி.

தெரியாம வந்து விழற ரெட்டை அர்த்தத்துக்குத் தனி ருசி. டெஸ்க்ல அவசரத்துல போட்டுட்டு, காலையில பேப்பர் வந்ததும் தலையில கை வெச்சுக்கிற ரகம். அமெரிக்காவுல 'கொலம்பியா ஜர்னலிசம் ரிவ்யூ' பத்திரிகை இந்த மாதிரித் தலைப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்து 1980லயும் 1987லயும் புத்தகமாவே போட்டுச்சு. ரெண்டாவது புத்தகத்தோட பேருக்கே இந்த மாதிரி ஒரு தலைப்பைத்தான் வெச்சாங்க: ரெட் டேப் புதுப் பாலங்களை 'ஹோல்ட்ஸ் அப்'. ரெட் டேப்னா சிவப்பு நாடா, ஆபீஸ் இழுத்தடிப்பு. அதனால பால வேலை தாமதம். ஆனா 'ஹோல்ட்ஸ் அப்'க்குத் தாங்கிப் பிடிக்குதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. பாலமே சிவப்பு நாடா மேலதான் நிக்குது! நம்ம ஊர்ல எத்தனையோ திட்டங்களுக்கு ரெண்டு அர்த்தமும் சரியாத்தான் இருக்கும். ஏர்போர்ட்ல தங்கக் கடத்தல் பிடிபட்டா 'பிட் ஃபாயில்டு'ன்னு போடறது வழக்கம். முயற்சி முறியடிப்புன்னு சொல்ல வராங்க. தங்கத்தை ஃபாயில்ல சுத்தி எடுத்துட்டு வந்தவனைப் பத்தின செய்தின்னா, சொன்னவருக்கே தெரியாம சிலேடை ஆயிடும்.

இந்த ரகத்துக்கு ஒரு பேரும் இருக்கு, 'க்ராஷ் ப்ளாஸம்'. 1985 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 520 பேர் இறந்தாங்க. அதுல தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பொண்ணு பின்னாடி நல்ல வயலின் கலைஞர் ஆனாங்க. 2009ல ஜப்பானிய இங்கிலீஷ் செய்தித் தளம் ஒண்ணு அவங்களைப் பத்தி எழுதினப்போ, 'வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜே.ஏ.எல். க்ராஷ் ப்ளாஸம்ஸ்'னு தலைப்பு வெச்சுது. விபத்தோட தொடர்புடைய வயலின் கலைஞர் மலர்ந்து வராங்கன்னு சொல்ல வந்தது. படிச்சவங்க 'ப்ளாஸம்ஸ்' என்ற வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லா எடுத்துக்கிட்டு, அது என்ன க்ராஷ் பூன்னு குழம்பிட்டாங்க. பத்திரிகைத் திருத்துநர்கள் அந்தப் பூவையே இந்த மாதிரித் தலைப்புகளுக்கெல்லாம் பேரா வெச்சுட்டாங்க.

இதுக்கு மருந்து சுலபம். தலைப்பு குழப்பினா முதல்ல வினைச்சொல் எதுன்னு தேடு. இங்கிலீஷ்ல ஒரே சொல் பெயராவும் வரும், வினையாவும் வரும். கடைசியில 'எஸ்' ஒட்டிக்கிட்டு இருந்தா அது பன்மையா, வினையான்னு ரெண்டு விதமாவும் படிச்சுப் பாரு. ஒண்ணு அபத்தமா இருக்கும், இன்னொண்ணு செய்தியா இருக்கும்.

அடுத்து, முக்காற்புள்ளி, அதாவது கோலன். தலைப்புல ஒருத்தர் பேர், கோலன், அப்புறம் ஏதோ வார்த்தைன்னா, அவர் அப்படியே சொன்னார்னு நாம நினைச்சுக்கிறோம். அப்படி இருக்கணும்னு கட்டாயம் இல்ல. 1975ல நியூயார்க் நகராட்சி திவாலாகிற நிலைமை. நகரத்துக்கு கைகொடுக்கிற எந்த மசோதாவையும் ரத்து பண்ணிடுவேன்னு அதிபர் ஃபோர்டு அக்டோபர் 29ஆம் தேதி பேசினார். மறுநாள் நியூயார்க் 'டெய்லி நியூஸ்' பக்கம் முழுக்க அடைச்சுப் போட்டுச்சு: 'ஃபோர்டு டு சிட்டி: டிராப் டெட்'. தொலைஞ்சு போங்கன்னு சொல்ற இடியம் அது, நேர்ப்பொருள் பார்த்தா செத்து விழுங்கன்னு. ஃபோர்டு அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல! பேச்சோட சாரத்தைப் பேப்பர் தன் வாயால சொன்னது. டிசம்பர்லயே நகரத்துக்குக் கடன் கொடுக்க அவர் கையெழுத்தும் போட்டார். ஆனா இன்னைக்கும் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கிறது அந்தத் தலைப்புதான். மேற்கோள் குறி இருக்கான்னு பாரு. கோலனுக்கு அப்புறம் மேற்கோள் குறி இல்லாட்டி, அது பேப்பரோட வார்த்தையா இருக்கலாம்னு ஒரு சந்தேகத்தை மனசுல வெச்சுக்கோ. ஒத்தை மேற்கோள் குறிக்குள்ள ஒரே ஒரு வார்த்தை இருந்தா, 'அப்படிச் சொல்றாங்க, நாங்க உத்தரவாதம் இல்ல'ன்னு பேப்பர் ஒதுங்கிக்குதுன்னு அர்த்தம்.

எங்கே சிலேடை விடலாம், எங்கே கூடாதுன்னும் கவனி. நல்ல டெஸ்க் சாவுச் செய்தியில விளையாடாது. நம்ம மீனவர்கள் கைதானா 'ஃபிஷர்மென் இன் ட்ரபுள்டு வாட்டர்ஸ்'னு போடறாங்க. இக்கட்டுல இருக்காங்கன்னும் கொந்தளிக்கிற கடல்ல இருக்காங்கன்னும் பொருள் சரியாத்தான் பொருந்துது. ஆனா ராமேஸ்வரத்துல படகு திரும்பி வராத வீட்டுல அந்தப் பேப்பரைப் படிச்சா எப்படி இருக்கும்? ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பத்தின செய்தின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. கைதுச் செய்திக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். அங்கே இடியம் கேட்டா டிக்ஷனரி அர்த்தத்தை மட்டும் டிக் பண்ணு. கேள்வியில ஆட்டோ வந்தாலும் 'டேக்கன் ஃபார் எ ரைடு'ன்னா ஏமாத்தப்படறதுதான். அப்புறம், தலைப்பு பாஷையில கட்டுரையோ லெட்டரோ எழுதிடாதே. 'எ', 'தி' எல்லாத்தையும் முழுங்கிட்டு, நடந்து முடிஞ்சதை நிகழ்காலத்துல சொல்றது தலைப்புக்கு மட்டும் கொடுத்திருக்கிற சலுகை. இதைப் பழக ஒரு நோட்டு போடு. தினம் ஒரு தலைப்பை எழுதி, கீழேயே அதை முழு வாக்கியமா விரிச்சு எழுது. 'சி.எம். டு ஓபன் பிரிட்ஜ்'னா அந்த 'டு' எதிர்காலம். 'டூ ஹெல்ட்'டுக்கு முன்னாடி 'ஹேவ் பீன்' ஒளிஞ்சிருக்கு. இப்படி விரிக்கப் பழகினா இலக்கணம் தானா வந்துடும், தனியா உட்கார்ந்து மனப்பாடம் பண்ண வேண்டாம்.

இடியத்தைத் தேடறப்போ ஒவ்வொரு வார்த்தையாத் தேடாதே. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி வெச்சிருந்தா, முக்கியமான வார்த்தைக்குக் கீழே 'ஐ.டி.எம்.'னு குறி போட்டு இடியங்களைத் தனியாக் கொடுத்திருப்பாங்க. 'ஷாட் இன் தி ஆர்ம்' வேணும்னா 'ஷாட்'ல போய் அந்தக் குறிக்குக் கீழே பாரு. போன்ல ட்ரான்ஸ்லேட் போட்டுப் பார்க்கிறதா இருந்தா தலைப்பை மட்டும் தனியாப் போடாதே, இன்ட்ரோவையும் சேர்த்துப் போடு. இல்லாட்டி தொழில்துறையோட கையில சுட்டாலும் சுட்டுடும்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அச்சுப் பேப்பர்ல வர்ற சிலேடைத் தலைப்பு வெப்சைட்ல பல நேரம் இருக்காது. கூகுள்ல தேடறவங்களுக்குச் சிக்கணும்னு அங்கே ஆள் பேர், ஊர் பேரோட நேரடியான தலைப்பா மாத்திடுவாங்க. அப்புறமா நெட்ல தேடிக்கலாம்னு விட்டா கிடைக்காது. பிடிச்ச தலைப்பைக் கத்தரிச்சு, தேதியும் பேப்பர் பேரும் எழுதி, நோட்டுல ஒட்டிடு. பழைய பேப்பர்காரருக்கு எடை போடறதுக்கு முன்னாடி செய்யணும், முக்கியமா அப்பா படிச்சு முடிச்சதுக்கு அப்புறம்.